கதவு சாத்திக்கொண்ட ராத்திரியும் சாவிக்கார பாயும்

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மணி ஒன்பது இருக்கும், மழை வருகிற மாதிரி இருக்கிறதே என்று மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். கையில் போன் இல்லை, சாவி இல்லை, நைட்டி மேல் ஒரு துண்டு, அவ்வளவுதான். அடுப்பில் பால், சிம்மில். துணியை அள்ளிக்கொண்டு படி இறங்கும்போது காற்று ஒரு தள்ளு தள்ளியது, கீழே டப்பென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டதுமே வயிறு கலங்கிவிட்டது. எங்கள் வாசல் கதவில் இருப்பது நைட் லாட்ச், சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், வெளியே இருந்து சாவி இல்லாமல் திறக்காது. வீட்டுக்காரர் அத்தையைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், அவரிடம் ஒரு சாவி. இன்னொரு சாவி உள்ளே ஃபிரிட்ஜ் மேல். மூன்றாவது சாவி எங்கே என்று அன்றைக்கு வரைக்கும் நான் யோசித்ததே இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா போனில்தான் தேடினோம். இருபத்திநாலு மணி நேர சேவை, முந்நூறு ரூபாயிலிருந்து என்று போட்டிருந்த ஒரு நம்பரைக் கூப்பிட்டேன். இதோ வருகிறேன் என்றவர் வர முக்கால் மணி நேரம். அதற்குள் பால் பொங்கி, தீய்ந்து, அந்த வாசம் ஜன்னல் வழியாகத் தெருவுக்கே வந்துவிட்டது. மேல் வீட்டுப் பையன் ஒட்டடைக் கம்பை ஜன்னல் கம்பிக்குள் விட்டு அடுப்புத் திருகியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான், எட்டவில்லை, என் புளி டப்பாவைத்தான் தள்ளிவிட்டான். வந்த ஆள் கதவை அரை நிமிஷம் பார்த்தார். "இது கம்பெனி லாக்கு மேடம், திறக்காது, ட்ரில் போட்டாத்தான்" என்றார். நான் இருந்த நிலைமையில் கதவையே வெட்டி எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஐந்து நிமிஷத்தில் பூட்டின் சிலிண்டரை, அதாவது சாவி போடுகிற உருளையை, ஓட்டை போட்டுத் திறந்துவிட்டார். திறந்ததற்கு 2,800, அவர் பையிலிருந்தே எடுத்துப் போட்ட பெயர் தெரியாத ஒரு புதுப் பூட்டுக்கு 1,900. மொத்தம் 4,700. பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார், இன்னும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

மறுநாள் காலையில் என் கடையைத் திறக்கப் போகும்போது தெரு முனையில் இருக்கும் சாவிக்கார பாயிடம் புலம்பினேன். எல்லா ஊரிலும் இப்படி ஒருத்தர் இருப்பார், பெரிய குடை, ஒரு மூன்று சக்கர வண்டி, அதில் முடுக்கிய ஒரு வைஸ் (சாவியை இறுக்கிப் பிடிக்கிற இடுக்கி), பலகை நிறைய ஆணியில் தொங்குகிற, இன்னும் பல் வெட்டாத வெத்துச் சாவிகள். பாய் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சாவி போட்டுத் திருகிப் பூட்டினதா, இல்ல காத்துல சாத்திக்கிட்டதா?"

சாத்திக்கொண்டதுதான் என்றேன்.

"அப்புறம் எதுக்கும்மா ட்ரில்லு?"

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நைட் லாட்ச் வெறுமனே சாத்திக்கொண்டால் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு பக்கம் சரிவாக இருக்கிற அந்தச் சின்ன நாக்கு மட்டும்தான், அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். தொழில் தெரிந்தவர் பூட்டுக்கோ கதவுக்கோ ஒரு கீறல் இல்லாமல் அதைத் திறக்கலாம், பெரும்பாலும். சாவி போட்டு முழுக்கத் திருகிப் பூட்டியிருந்தால்தான் கதை வேறு, அப்போதுகூட ட்ரில் என்பது கடைசி வழி. ஆக வந்த உடனேயே ட்ரில்லை எடுக்கிற ஆள் தொழில் தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது புதுப் பூட்டு விற்க வந்தவராக இருக்க வேண்டும். என் வீட்டுக்கு வந்தவர் இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொன்றும் கேட்டார், அதுதான் எனக்கு உறைத்தது. "உன் வீடுதானான்னு அந்த ஆளு கேட்டாரா?" கேட்கவே இல்லை! ராத்திரி பத்து மணிக்கு ஒரு பொம்பளை நைட்டியோடு நிற்கிறாளே, இவள் வீடுதானா, பக்கத்தில் யாரையாவது கேட்போமா என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு இப்படித் திறந்துவிடுகிறவர் நாளைக்கு என் வீட்டை இன்னொருத்தருக்கும் இப்படித்தான் திறந்துவிடுவார். பாய், சோப்பில் சாவியின் அச்சு எடுத்துக்கொண்டு வருகிற பையன்களை விரட்டிவிடுவாராம். பூட்டையோ சாவியையோ நேரில் கொண்டு வா, வீட்டில் பெரியவர்கள் யாரையாவது கூட்டி வா என்பாராம். வருமானம் போகிறதே என்றால், "போனா போகுது, நாளைக்கு ஸ்டேஷன்ல யாரு உக்கார்றது" என்கிறார்.

அதனால் இப்போது என் போனிலும், அக்கா போனிலும், வீட்டுக்காரர் போனிலும் ஒரு நம்பர் சேமித்து வைத்திருக்கிறேன், பகலில் நேரில் பார்த்துப் பேசி, ராத்திரி வந்தால் எவ்வளவு, வண்டிச் செலவு சேர்த்தா சேர்க்காமலா, உடைக்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டு வாங்கின நம்பர். வயிறு கலங்கி நிற்கும்போது கூகுளில் தேடினால் முதலில் வருகிறவரிடம்தான் விழுவோம், பேரம் பேசுகிற புத்தியே இருக்காது. அந்த மூன்றாவது சாவி அலமாரியில் பழைய கரண்ட் பில்களுக்கு அடியில் கிடந்தது. இப்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. புதுப் பூட்டுக்கு அது பொருந்தாதே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தப் பெயர் தெரியாத பூட்டு இரண்டே மாதத்தில் சிக்க ஆரம்பித்தது, அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய கம்பெனி லாட்ச்சிலேயே சிலிண்டரை மட்டும் மாற்றினார் பாய். பழைய சாவியை வைத்துப் பார்த்து, அதற்கே பொருந்துகிற மாதிரி உள்ளே ஊசிகளை மாற்றிப் போட்டுக் கொடுத்தார். இப்படிச் செய்ய முடியும் என்பதே எனக்குத் தெரியாது.

இதை வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குடி போகும்போது முந்தைய குடித்தனக்காரர் இரண்டு சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்பார். ஆனால் அவர் எத்தனை டூப்ளிகேட் போட்டார், வேலைக்கார அம்மாவிடம் ஒன்று, ஊரிலிருந்து வந்த மச்சானிடம் ஒன்று, யாருக்குத் தெரியும்? முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. கைப்பிடி வைத்த, கதவுக்குள்ளேயே புதைத்து மாட்டுகிற மார்ட்டிஸ் பூட்டுகளில் கதவின் விளிம்பில் இருக்கிற ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பி இழுத்தால் சிலிண்டர் கையோடு வந்துவிடும், அதை அளந்து அதே அளவில் இன்னொன்று வாங்கி மாட்டினால் போதும். அளக்கும்போது நடு ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளிப்பக்கம் சிலிண்டர் தகட்டை விட்டு நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருந்தால் பிடித்து முறிக்க வசதியாகப் போய்விடும்.

சரி, பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஒரு திண்டுக்கல் பூட்டு இருக்கிறது, மாமனாரின் அப்பா வாங்கியது, மாங்காய் வடிவம், கையில் எடுத்தால் கை இறங்கும். ஊரில் நெல் குதிர் இருந்த அறைக்குப் போட்டிருந்ததாம். இப்போது டிரங்குப் பெட்டியில் தூங்குகிறது. மதுரையில் இருந்துகொண்டு திண்டுக்கல் பூட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் உள்ளே தகடு தகடாக லிவர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங். சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் எல்லாத் தகட்டின் வெட்டும் ஒரே நேராக வந்து நாக்கு நகரும், ஒன்றை அதிகமாகத் தூக்கினாலும் நகராது, குறைத்துத் தூக்கினாலும் நகராது. இதைக் கையால் அரம் வைத்து ராவிச் செய்ததால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்தாது. அலிகாரிலிருந்து மெஷினில் செய்த பூட்டுகள் பாதி விலைக்கு வந்து குவிந்ததும் திண்டுக்கல்லில் பட்டறைகள் குறைந்துகொண்டே வந்தன. நாமும்தானே விலையைப் பார்த்து வாங்கினோம்.

நைட் லாட்ச், மார்ட்டிஸ் மாதிரியானவற்றில் இப்போது வருவது பெரும்பாலும் ஊசி வகை. பித்தளை உருளைக்குள் ஐந்தோ ஆறோ சின்ன ஊசிகள், ஒவ்வொன்றும் இரண்டு துண்டாக. சாவியின் மேடு பள்ளம் அவற்றைச் சரியான உயரத்தில் நிறுத்தினால் துண்டுகள் பிரியும் இடம் ஒரே மட்டத்துக்கு வரும், உருளை திரும்பும். அமெரிக்காவில் யேல் என்பவர் 1860களில் செம்மைப்படுத்தினது, இன்றைக்கும் அடிப்படை அதேதான். கடையில் போய் நின்றால் லிவரா ஊசியா என்று குழம்ப வேண்டாம், எத்தனை லிவர், எத்தனை ஊசி என்று கேளுங்கள், எண்ணிக்கை கூடக் கூட நல்லது, அவ்வளவுதான்.

எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும் என்று நேரிலேயே பார்த்தேன். எனக்கு இருப்பது மேட்சிங் சென்டர் கடை, புடவை ரவிக்கைக்கு வேண்டிய லைனிங், ஃபால்ஸ், ஜிப், பட்டன். கல்லா மேசை டிராயர் சாவியை ஒருநாள் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பக்கத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சி, இதைப் போட்டுப் பாரும்மா என்று தமாஷாக அவர் கல்லா சாவியை நீட்டினார். திறந்துவிட்டது! இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இந்த மலிவு டிராயர் பூட்டுகளில் சாவி வகைகளே கொஞ்சம்தான், திரும்பத் திரும்ப அதே வகை வரும். அன்றிலிருந்து ராத்திரி கல்லாவில் சில்லறையைத் தவிர எதுவும் வைப்பதில்லை, அண்ணாச்சியும் வைப்பதில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் பாய் சொல்லிச் சொல்லி என் மண்டையில் ஏறினது பூட்டைப் பற்றியதே இல்லை. பூட்டு மாட்டியிருக்கிற இடத்தைப் பற்றியது. கொல்லைக் கதவுக்கு எட்டு லிவர் பூட்டு வாங்கி மாட்டிவிட்டுப் பெருமையாக அவரிடம் காட்டினேன். அவர் பூட்டைப் பார்க்கவே இல்லை. ஆல்ட்ராப்பை, அதாவது பூட்டு மாட்டுகிற நீளத் தாழ்ப்பாளை, பிடித்து ஆட்டினார். அது ஆடியது. நாதாங்கியில் நாலு ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் முக்கால் இஞ்ச் நீளம்தான், நாலும் வெளியே தெரிகிறது, பத்து வருஷ மழையில் மரம் உளுத்து ஸ்க்ரூ பிடிப்பே இல்லை. "எட்டு லிவரை எதுக்குத் தொடணும், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்" என்றார். பூட்டினால் ஸ்க்ரூ மறைகிற மாதிரி நாதாங்கி, கதவின் மறுபக்கம் வரை போய் நட்டு போட்டு முடுக்கிற போல்ட், இவ்வளவுதான் விஷயம், இருநூறு ரூபாய் கூட ஆகாது. பூட்டின் வளையமும் அப்படித்தான், மெலிசாக, நீளமாக இருந்தால் கட்டர் நுழைய இடம் கிடைக்கும், தடித்துக் குட்டையாக இருந்தால் கஷ்டம். திறக்கும்போது வளையத்தின் இரண்டு காலிலும் உள்ளே வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு காலில் மட்டும் பூட்டிக்கொள்கிற வகையை ஒரு பக்கம் அறுத்தாலே திருப்பி எடுத்துவிடலாம்.

கடை ஷட்டரும் இதே கதை. எங்கள் தெருவில் ஒரு செல்போன் கடையில் இரண்டு ஓரத்திலும் பூட்டு நன்றாகவே இருந்தது, வந்தவர்கள் அதைத் தொடவே இல்லை, ஷட்டரின் நடுவில் கம்பியைக் கொடுத்து நெம்பி, ஒரு ஒல்லி ஆள் நுழைகிற அளவுக்கு வளைத்துவிட்டார்கள். மறுநாள் தெருவே சென்டர் லாக் வைத்தது. தரையில் கொக்கி பதித்து நடுவில் ஒரு பூட்டு, ஓரங்களில் இரண்டு. தரையோடு இருக்கிற பூட்டில் மழைச் சேறும் பெருக்குகிற தூசியும் போய்ச் சேரும், அதற்காக நாம் எல்லாரும் செய்வது என்ன, தேங்காய் எண்ணெய். நானும் விட்டேன். எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசினாகி, சாவி உள்ளே போனால் வெளியே வராத நிலைமைக்கு வந்துவிட்டது. ஊசி வகைக்குக் கிராஃபைட் தூள்தான் சரி, அது கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சாவியின் பல்லில் நன்றாகத் தேய்த்துவிட்டு நாலு தடவை போட்டு எடுத்தால் போதும். எண்ணெய் விட்டே ஆக வேண்டுமென்றால் தையல் மெஷின் எண்ணெய், ஒரே ஒரு சொட்டு. என் கடையில் அதுவும் விற்கிறேன், வெட்கக்கேடு.

அடுத்து பீரோ. அத்தை வைத்திருக்கும் பீரோ, கோத்ரெஜ் பீரோ என்று நாங்கள் சொல்வது, உண்மையில் புது மண்டபம் பக்கம் ஒரு இரும்புக் கடையில் செய்தது. எந்த பீரோவாக இருந்தாலும் நமக்கு அது கோத்ரெஜ்தான். (அந்தக் கம்பெனியே 1897இல் பம்பாயில் பூட்டு செய்யத்தான் ஆரம்பித்தது, ஆரம்பித்தவர் அதற்கு முன் வக்கீல். வக்கீல் தொழில் பிடிக்காமல் பூட்டுக்கு வந்தவர் என்பதைப் படித்தபோது எனக்கு ஏனோ அவரைப் பிடித்துப்போனது.) அதன் சாவி தொலைந்தபோது பாய் வீட்டுக்கு வந்து செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெத்துச் சாவி ஒன்றை எடுத்து மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைத்தார். அதைப் பூட்டுக்குள் விட்டு இறுக்கமாக ஒரு திருகு, அப்படியே வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கரியில் ஊசி முனை அளவுக்கு இரண்டு இடத்தில் பளபளப்பு. அங்கே மட்டும் அரத்தால் நாலு ராவு. வாயால் ஊதி, மறுபடி புகை, மறுபடி உள்ளே, மறுபடி சாய்த்துப் பார்ப்பது. பேச்சே இல்லை. இப்படிப் பதினைந்து இருபது தடவை இருக்கும். அத்தை காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தது ஆறியே போயிற்று. கடைசியில் கையை எடுக்காமலே, "திறந்துட்டேன், நீங்களே திறங்க" என்று எழுந்து நாலடி தள்ளிப் போய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார்.

ஏன் தள்ளிப் போனார் என்பது செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். பூட்டு சாவி ரிப்பேர் என்று கூவிக்கொண்டு தெருவில் வருகிற முன்பின் தெரியாத ஆட்களை உள்ளே விட்டு, பீரோவைக் காட்டி, அவர்கள் எண்ணெய் கொண்டு வா, தண்ணீர் கொண்டு வா என்று நம்மை அடுப்படிக்கு அனுப்பி, சாவியை உள்ளேயே உடைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போக, சாயந்திரம் பூட்டை உடைத்துப் பார்த்தால் நகை இருக்காது. இது எத்தனையோ ஊரில் நடந்திருக்கிறது. பீரோ வேலை என்றால் தெரிந்த ஆள், வீட்டில் இரண்டு பேர், வேலை முடிகிறவரை ஒருத்தர் அந்த இடத்தை விட்டு நகராமல். பீரோ திறக்கிற நிலையில் இருந்தால் ஆள் வருவதற்கு முன்பே உள் லாக்கரைத் தனியாகப் பூட்டி அந்தச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதற்கப்புறம் நகையை வங்கி லாக்கரில் வைத்துவிட்டோம், அந்தச் சாவியைத் தொலைத்தால் வங்கியில் மாற்றுச் சாவி கிடையாது, உடைத்துத் திறக்கிற செலவு நம் தலையில்தான். அதனால் லாக்கர் சாவிக்கு ஒரு பாதுகாப்பு, அந்தப் பாதுகாப்பின் சாவிக்கு ஒரு பாதுகாப்பு என்று போய்க்கொண்டே இருக்கிறது.

காருக்கு வருவோம். பழைய ஸ்விஃப்ட் ஒன்று வாங்கினோம், விற்றவர் ஒரே சாவிதான் கொடுத்தார், இன்னொன்று எங்கேயோ இருக்கு, அனுப்பி வைக்கிறேன் என்றார். அப்போதே விலையில் நாலாயிரம் ஐயாயிரம் குறைத்திருக்க வேண்டும், செகண்ட் ஹாண்ட் வண்டி வாங்குகிற எல்லாருக்கும் சொல்கிறேன், இரண்டு சாவியையும் கையில் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வீட்டுக்காரர் பாயிடம் போய் நூறு ரூபாய்க்கு ஒரு டூப்ளிகேட் போட்டுக்கொண்டு வந்தார். பாய் முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தார், கதவு திறக்கும், வண்டி ஓடாது என்று. அப்படியேதான் ஆனது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் குண்டுமணி அளவில் ஒரு சிப் இருக்கிறது, வண்டி அதைப் படித்துப் பார்த்துத் தன் சாவிதான் என்று தெரிந்தால்தான் இஞ்சினை ஓட விடும். சிப் வைத்து, வண்டியோடு அதைச் சேர்த்துக் கொடுக்க அதற்கான மெஷின் வைத்திருக்கிற ஆளிடம்தான் போக வேண்டும், அல்லது சர்வீஸ் சென்டர். சர்வீஸ் சென்டரில் ஆர்.சி., ஆதார் நகல் எல்லாம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் கொடுத்தார்கள், விலை கூடத்தான். ஆனால் ஓடுகிற சாவி ஒன்று கையில் இருக்கும்போது போடுவதற்கும், எல்லாச் சாவியும் தொலைந்த பிறகு வண்டியை இன்னொரு வண்டி மேல் ஏற்றிக் கொண்டுபோய்ப் போடுவதற்கும் செலவு வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஒரு சாவி தொலைந்த அன்றைக்கே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள். தொலைந்த சாவியை வண்டியின் நினைவிலிருந்து அழித்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கண்டெடுத்தவருக்கு அது வேலை செய்யும். அப்புறம், வண்டி திருட்டுப் போய் க்ளைம் போட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் எல்லாச் சாவியையும் ஒப்படைக்கச் சொல்வார்கள், ஒன்று குறைந்தால் அங்கே ஆரம்பிக்கும் கேள்வி.

சென்னையில் தம்பி வீட்டில் எல்லாம் டிஜிட்டல். சோழிங்கநல்லூரில் ஆறாவது மாடி, கதவில் கைரேகை பூட்டு, பன்னிரண்டாயிரமோ என்னவோ. பெருமையாகத்தான் இருந்தது, அம்மா போகிற வரைக்கும். அம்மாவின் விரல் ரேகையை அது எடுக்கவே மாட்டேன் என்கிறது, நாற்பது வருஷம் பாத்திரம் தேய்த்த விரல், ரேகையே தேய்ந்துபோய் வழவழவென்று இருக்கிறது. நம்பர் வைத்துக் கொடுத்தான், அவன் பிறந்த வருஷம், வேறு எதை வைப்பான். அம்மா நம்பரை மறக்கக் கூடாதென்று கதவுக்குப் பக்கத்திலேயே காலண்டரில் எழுதிவைத்துவிட்டாள், நல்லவேளை உள்பக்கம். பேட்டரி தீரப்போகிறது என்று அது ஒரு வாரமாகக் கத்தியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை, ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு நின்றுவிட்டது. அந்தப் பூட்டின் அடியில் இரண்டு புள்ளி மாதிரி இருக்கும், ஒன்பது வோல்ட் பேட்டரியை வெளியே இருந்து அதில் ஒட்டிப் பிடித்தால் உயிர் வரும். அது அவனுக்குத் தெரியும். பதினொரு மணிக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி எங்கே கிடைக்கும் என்பதுதான் தெரியவில்லை. கூடவே கொடுத்த இரும்புச் சாவி? வீட்டுக்குள்ளே, பூட்டு வந்த அட்டைப் பெட்டியிலேயே, கவர் பிரிக்காமல்.

டிஜிட்டல் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவியே வேண்டாம், வேலைக்கு வருகிறவருக்குத் தனி நம்பர் கொடுத்து அவர் நின்றதும் அழித்துவிடலாம், யார் எப்போது வந்தார்கள் என்று தெரியும், இதெல்லாம் நல்ல வசதி. ஆனால் தேக்குக் கதவு ஐப்பசி கார்த்திகையில் உப்பும், நாம் காலால் ஒரு தள்ளு கொடுத்துச் சாத்துவோம், மோட்டார் அப்படித் தள்ளாது, நாக்கு ஓட்டையில் போய் உட்காராமல் கீ கீ என்று கத்தும். மாட்டுகிறபோதே தச்சரையும் கூட வைத்துக்கொண்டு கொஞ்சம் இடம் விட்டு மாட்டச் சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இரும்புப் பூட்டு வாங்கவே வேண்டாம், தம்பி வீட்டுப் பால்கனி கிரில்லில் போட்டிருந்தது எட்டு மாதத்தில் துருப்பிடித்துச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. பித்தளை வாங்குங்கள்.

எல்லாம் எழுதிவிட்டேன், என் கடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும். அந்த ராத்திரிக்கு அப்புறம் ஒரு பழைய நோட்டில் எந்தப் பூட்டு, எத்தனை சாவி, யார் யாரிடம் என்று எழுத ஆரம்பித்தேன். வீட்டுக் கணக்கு அரை மணியில் முடிந்தது. கடை ஷட்டர் ஓரப் பூட்டுக்கு வாங்கும்போது மூன்று சாவி வந்தது, ஒன்று என்னிடம், ஒன்று வீட்டுக்காரரிடம், மூன்றாவது எங்கள் கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்த பெண்ணிடம். தங்கமான பெண். கல்யாணமாகித் திருப்பூர் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. சாவியைக் கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று நான் கேட்கவில்லை, அவளுக்கு ஞாபகமே இருக்காது. கேட்க வேண்டியதே இல்லை, பூட்டை மாற்றினால் போதும் என்று பாய் சொல்லி, தை மாசமே புதுப் பூட்டும் வாங்கிவிட்டேன். அது இப்போது கல்லா மேசை மேல், ஃபால்ஸ் கட்டுகளுக்குப் பக்கத்தில், கவர் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறது. பழைய பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன் அல்லவா, சாவி உள்ளே போய்ச் சிக்கி, ஒவ்வொரு நாளும் மல்லுக்கட்டித்தான் திறக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை அடைத்ததும் வந்து மாற்றித் தருகிறேன் என்று பாய் சொல்லியிருக்கிறார்.